டெஸ்ட்ல இல்லைன்னுதானே வந்துச்சு!

போன ஞாயித்துக்கிழமை பொந்தியான்ல ஒரு கல்யாணம். பந்தியில எனக்கு எதிர்ல உக்காந்திருந்தவரு சொந்தக்காரர்தான். பேரு வேணாம். பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கிட்டே (அது நல்லாத்தான் இருக்கும், அதுல எனக்குக் கோபம் இல்ல) சொன்னாரு:

"உங்க மாமாவுக்கு டிபியே இல்லையாமே. டெஸ்ட்ல இல்லைன்னுதானே வந்துச்சு? ஒரு வருஷம் சும்மா மருந்தக் கொடுத்து ஆளைக் கெடுத்துட்டானுங்க."

சோறு தொண்டையில நின்னுச்சு. மூத்தவரு. எதுத்துப் பேசினா அம்மாகிட்ட புகார் போகும். சிரிச்சு வச்சேன்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாத்தல. உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு ஓப்பிஸ்ல கிராணி. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில உதவும்னு நினைச்சே பாக்கல. அதுக்கு வர்றேன்.

மாமா எங்கம்மாவோட தம்பி. 58 வயசு. முப்பது வருஷம் அன்னாசி லோரி ஓட்டினவரு. இனிப்புநீர் உண்டு. மாத்திரையை ஒழுங்காப் போட மாட்டாரு, ஆனா கடையில தே தாரேக் சொல்லும்போது மட்டும் "சீனி குறைச்சு"ன்னு சத்தமாச் சொல்லுவாரு. நாலு பேருக்குக் கேக்கணும்ல.

ஒரு நாள் தலைவலின்னாரு.

அவ்வளவுதான் ஆரம்பம். நெஞ்சு வலின்னா எல்லாரும் எழுந்து ஓடுவோம். தலைவலிக்கு யாரு ஓடுறா? தைலம் தேச்சோம், பனடோல் கொடுத்தோம், "போனை நோண்டாதீங்க மாமா"ன்னு நான் உபதேசம் வேற பண்ணேன். மூளையைச் சுத்தி இருக்குற ஜவ்வுல காசநோய் வந்தா அது ஆரம்பத்துல இப்படித்தான் வருமாம். மந்தமா ஒரு தலைவலி, சாயந்தரமானா லேசா உடம்பு சுடும், சாப்பாடு பிடிக்காது, அசதியா இருக்கும். இதுல எது காசநோய்னு சொல்லுது? ஒரு மண்ணும் சொல்லல. எனக்கு மாசக் கடைசியில கணக்கு முடிக்கும்போது இதெல்லாம் மொத்தமா வரும்.

ஏழாவது நாள் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். ஜொகூர்ல இருக்கோம், காய்ச்சல்னு சொன்னா முதல்ல டிங்கியைத்தான் தேடுவாங்க. ரத்தம் எடுத்தாங்க. டிங்கி இல்ல. சந்தோஷமா வந்துட்டோம். (இல்லைன்னு ஒரு வார்த்தை வந்தாலே நமக்கு எவ்ளோ சந்தோஷம் பாருங்க. அப்பவே ஆரம்பிச்சிருச்சு இந்த வியாதி.)

டிங்கி இல்லைன்னு சொன்ன பிறகும் பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்து கொடுத்தாங்க. நல்ல மனசு. மாமா குடிச்சாரு, வாந்தி எடுத்தாரு. அந்தச் சாறைக் குடிச்சா யாரா இருந்தாலும் வாந்தி எடுப்பாங்கன்னு விட்டுட்டோம். மறுநாள் சாறு குடிக்காமலே வாந்தி எடுத்தாரு. அதையும் சாறு கணக்குல எழுதிட்டோம். தலைக்குள்ள அழுத்தம் ஏறினா வாந்தி வரும்னு எங்க யாருக்குத் தெரியும்?

ரெண்டாவது வாரம் ஆளு மாற ஆரம்பிச்சாரு.

மாமா கோபப்படுற ஆளே இல்ல. முப்பது வருஷம் லோரி ஓட்டியும் ஹார்ன் அடிக்கப் பிடிக்காதவரு. அவரு அத்தையைப் பாத்து "யாரு நீ, என் வீட்ல என்ன பண்றே"ன்னு கத்தினாரு. இன்னொரு நாள் கோப்பியில உப்பைப் போட்டுக் குடிச்சுட்டு ஒண்ணுமே சொல்லல. ஒரு சாயந்தரம் லோரி சாவியைத் தேடினாரு. லோரியை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு.

அத்தை "யாரோ என்னமோ செஞ்சுட்டாங்க"ன்னு கோயிலுக்குப் போயி கயிறு கட்டிட்டு வந்தாங்க. சிரிக்காதீங்க. படிச்ச பொண்ணு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்ட்ரெஸ்." அத்தையோட கயிறுக்கும் என்னோட ஸ்ட்ரெஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் தெரியாததுக்கு வச்ச பேருதான்.

பதினாறாவது நாள் ராத்திரி. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம். மாமா மேல பாத்துட்டு, "என்னடி பாப்பா, ரெண்டு நிலா இருக்கு?"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சோம். "குடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டோம். அவரும் சிரிச்சாரு. எனக்கு மட்டும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா பக்கத்துல இருந்த என்னை அவருக்கு ஒருத்தியாத்தான் தெரியுது. தூரத்துல இருக்குறது மட்டும் ரெண்டு.

பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். கண்ணை வெளிப்பக்கம் திருப்புற நரம்பு ஒண்ணு இருக்கு, ஆறாவது மண்டை நரம்பு. மூளைக்கு அடியில ரொம்ப தூரம் ஓடி வர்ற நரம்பு. இந்த நோய்ல மூளையோட அடிப்பக்கம்தான் பசை மாதிரி சீழ் கட்டிக்கும். அது அங்க இருக்குற நரம்பை நெருக்கும், ரத்தக்குழாயை நெருக்கும், மூளைத் தண்ணி போற வழியை அடைக்கும். நரம்பு மாட்டிக்கிட்டா தூரத்துப் பொருள் ரெண்டாத் தெரியும். நாங்க சிரிச்ச நிலா அதான்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரி.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டர், மலாய்க்காரப் பொண்ணு. முதல் கேள்வி: "எத்தனை நாளா இப்படி?"

அத்தை சொன்னாங்க: "நாலு நாளா."

எதுக்கு நாலு? இத்தனை நாள் என்ன பண்ணீங்கன்னு திட்டுவாங்களோன்னு பயம். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். பதினேழு நாள். எந்த நாள் காய்ச்சல், எந்த நாள் வாந்தி, எந்த நாள் உப்புக் கோப்பி, எல்லாம் தேதியோட. அந்த டாக்டர் என் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. எனக்கு அப்ப புரியல, எதுக்கு இவ்ளோ அக்கறைன்னு.

இப்பப் புரியுது. சாதாரணக் கிருமியால வர்ற மூளைக்காய்ச்சல் ஆளை ரெண்டு மூணு நாள்ல சாய்ச்சிடும். காசநோய் நிதானமா வரும். அதனால எத்தனை நாள்ங்கிறதே ஒரு டெஸ்ட் மாதிரி. வியட்நாம்ல 2002ல டாக்டருங்க ஒரு மதிப்பெண் முறை வச்சாங்க. வயசு, எத்தனை நாளா நோய், ரத்தத்துல வெள்ளை அணு, முதுகுலேர்ந்து எடுக்குற தண்ணியில என்ன அணு எவ்ளோன்னு பாத்து, இது காசநோயா மத்த கிருமியான்னு பிரிக்கிறதுக்கு. அதுல ஆறு நாளைக்கு மேலயா கீழயாங்கிறது ஒரு கேள்வி. அத்தையோட நாலு நாளுக்கும் என்னோட பதினேழு நாளுக்கும் நடுவுல நிக்குது அந்த ஆறு.

ரெண்டாவது கேள்வி: "இவருக்கோ வீட்ல யாருக்கோ முன்னாடி டிபி இருந்துச்சா?"

அத்தை என்னைப் பாத்தாங்க. நான் அத்தையைப் பாத்தேன்.

"இல்ல டாக்டர்," ரெண்டு பேரும் சொன்னோம்.

பொய்.

இருபது வருஷத்துக்கு முன்னால மாமாவுக்கு டிபி வந்திருக்கு. கிளினிக் கெசிஹாத்தான்ல மருந்து கொடுத்தாங்க. மூணு மாசத்துல உடம்பு தேறிடுச்சுன்னு நிறுத்திட்டாரு, லோரிக்குப் போயிட்டாரு. வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா டாக்டர் கேட்ட அந்த நேரத்துல அவரு மகளுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தாங்க. டிபின்னு ஒரு வார்த்தை வெளிய போனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசலோட திரும்பிடுவாங்கன்னு பயம். மூளைக்காய்ச்சல்னா அனுதாபம் கிடைக்கும், டிபின்னா தட்டைத் தனியா வைப்பாங்க.

அதுவும் போக அத்தைக்கு ஒரு நியாயம் இருந்துச்சு: "அவருக்கு இருமலே இல்லையே!" மலாய்ல டிபிக்கு வீட்டுப் பேரே பாத்தோக் கெரிங், வறட்டு இருமல். இருமாதவனுக்கு இருமல் நோய் எப்படி வரும்? நியாயமான கேள்விதான். ஆனா காசநோய் நுரையீரலோட நிக்காம ரத்தத்துல கலந்து எங்க வேணும்னாலும் போயி உக்காரும். மூளையில ஒரு சின்னப் புள்ளியா வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடந்து, உடம்பு சோர்ந்த நேரம் பாத்து உடையும். இதை அர்னால்ட் ரிச், மெக்கார்டக்னு ரெண்டு பேரு 1933லயே காட்டிட்டாங்க. இனிப்புநீர்க்காரங்களுக்குக் காசநோய் சுலபமா வேற வரும்.

(கையில பிசிஜி தழும்பு இருக்கேன்னு கேக்குறீங்களா? நம்ம நாட்ல 1961லேர்ந்து போடுறாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த மூளைக் காசநோய் வராம காக்குறதுல அந்த ஊசி கெட்டிக்காரி. 58 வயசு லோரிக்காரருக்கு அவ பொறுப்பு ஏத்துக்க மாட்டா.)

ஸ்கேன்ல மூளைக்குள்ள தண்ணி அறைங்க கொஞ்சம் வீங்கியிருக்குன்னு தெரிஞ்சுது. அன்னைக்கே ஆம்புலன்ஸ்ல ஜொகூர் பாருவுக்கு அனுப்பினாங்க.

அங்கதான் அடுத்த கூத்து. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும்னாங்க. போன் பண்ணிச் சொன்னேன். அவ்வளவுதான், குடும்ப வாட்ஸ்அப் குழு தீப்பிடிச்சிருச்சு. "முதுகுல தண்ணி எடுத்தா காலு விளங்காது." "எங்க தீம்பார்ல ஒருத்தருக்கு எடுத்தாங்க, செத்தே போனாரு." (அவரு எதுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னு யாரும் சொல்லல.) அத்தை கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. ஒரு நாள் முழுசா போச்சு. ஒரு நாள்! இன்னைக்கும் நினைச்சா எனக்குக் கை நடுங்கும்.

மறுநாள் அந்த வார்டு டாக்டர் ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டினாரு. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடுது. ஊசி குத்துறது அதுக்கும் கீழ. அங்க வெறும் நரம்புங்க தண்ணிக்குள்ள நூல் மாதிரி மிதக்கும், ஊசி வந்தா ஒதுங்கிக்கும். 1891ல குவிங்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் ஆரம்பிச்ச வேலை, இன்னைக்கும் அதேதான். அத்தை படத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க.

நாலஞ்சு குப்பியில எடுத்தாங்க. "இவ்ளோவா?"ன்னு அம்மா முகம் வெளுத்துப் போச்சு. நானும் பயந்தேன். பத்து மில்லிதான் அது. மூளையைச் சுத்தி மொத்தம் 150 மில்லி இருக்குமாம், ஒரு நாளைக்கு உடம்பு 500 மில்லி புதுசா ஊறவைக்குமாம். சொல்லப்போனா இந்த நோய்ல கொஞ்சமா எடுத்தாதான் தப்பு.

ஏன்னா தண்ணியில கிருமி ரொம்பக் கம்மி. ஒரு மூட்டை அரிசியில ஒரே ஒரு கல்லு இருக்குன்னு வைங்க. கைப்பிடி அரிசியை முறத்துல போட்டுப் பாத்துட்டு மூட்டையில கல்லே இல்லைன்னு சொல்ல முடியுமா? படி படியா அள்ளிப் பாக்கணும். அப்பவும் கல்லு கண்ணுல படலாம், படாமலும் போகலாம்.

தண்ணி தெளிவா இருந்துச்சு. வெள்ளை அணு ஏறியிருந்துச்சு, புரதம் ஏறியிருந்துச்சு. சக்கரை மட்டும் பாத்தா சரியா இருக்குற மாதிரி இருந்துச்சு. காசநோய்னா தண்ணியில சக்கரை குறையணும். அப்ப இல்லையா?

இங்கதான் மாமாவோட இனிப்புநீர் விளையாடுச்சு. ரத்தத்துலயே சக்கரை எக்கச்சக்கம், அதனால தண்ணியிலயும் கூடுதலாத்தான் இருக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ரத்தத்துல இருக்குறதுல பாதியாவது தண்ணியில இருக்கணும். மாமாவுக்குப் பாதியில பாதிகூட இல்ல. ஒரு நம்பரை மட்டும் பாத்தா ஏமாந்திருப்போம். (கிராணி வேலையில தினமும் பாக்குறதுதான். வரவை மட்டும் பாத்தா கம்பெனி அமோகமா இருக்கும்.)

அப்புறம் இதே மாதிரி வேஷம் போடுற வேற நோய்ங்களை ஒவ்வொண்ணா விலக்கணும். புறா எச்சத்துல இருக்குற ஒரு காளானும் இப்படியே வருமாம். அதைப் பாக்க ஒரு மையை விட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, அந்த மைக்குப் பேரு இந்தியா மை. "எங்க ஊரு மைதான்"னு அத்தை அந்த நேரத்துலயும் பெருமைப்பட்டாங்க.

மூளை நோய்ல ஆள்மாறாட்டம் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. 1998, 99ல பன்றிப் பண்ணைகள்ல ஜனங்க காய்ச்சல் வந்து சாகும்போது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நினைச்சுத்தான் கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. மாசக்கணக்குல. கடைசியில டாக்டர் சுவா காவ் பிங் 1999ல அது வேற கிருமின்னு கண்டுபிடிச்சாரு. நிப்பா. நூத்துக்கும் மேல ஜனங்க செத்துட்டாங்க. அது கொசு பரப்புற நோயில்ல, பன்றிகிட்டேர்ந்து வந்தது.

சரி, நம்ம கதைக்கு வர்றேன்.

கிருமியை நேரா மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்: இல்ல.
(ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை 1882ல காட்டினாரே, கிட்டத்தட்ட அந்தக் காலத்து முறைதான். முதுகுத் தண்ணியில பாத்தா சாதாரண லேப்ல பத்துப் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அகப்படும்.)

மரபணுவைப் பாக்குற புது மெஷின், ஜீன் எக்ஸ்பர்ட்: இல்ல.
(ரெண்டு மணி நேரத்துல சொல்லிடும், நல்ல மெஷின். இருக்குன்னு சொன்னா நம்பலாம். இல்லைன்னு சொன்னா நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது.)

கிருமியை வளத்துப் பாக்குற டெஸ்ட்: ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்கணும்.

எட்டு வாரம் மாமாவுக்கு ஏது?

அன்னைக்கு ராத்திரி அந்த டாக்டர் வந்து, "காசநோய் மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறோம்"னாரு. நானே கேட்டேன், வெக்கமா இருக்கு: "டெஸ்ட்ல இல்லைன்னுதானே வந்துச்சு டாக்டர்?"

பந்தியில அவரு கேட்ட அதே கேள்வி. அதனாலதான் எனக்கு அவ்ளோ கோபம் போல.

டாக்டர் கோவிச்சுக்கல. நெஞ்சு எக்ஸ்ரேவைத் தூக்கிக் காட்டினாரு. நுரையீரல் மேல்பக்கம் வெள்ளையா ஒரு கோடு. "இது பழைய தழும்பு மாதிரி இருக்கு. முன்னாடி எதுவும் இல்லைன்னு சொன்னீங்க."

மாமா நெஞ்சே காட்டிக்கொடுத்திருச்சு. அத்தை தரையைப் பாத்தாங்க. நான் டாக்டரை நடைபாதைக்குக் கூட்டிட்டுப் போயி சொல்லிட்டேன். இருபது வருஷம், மூணு மாச மருந்து, பாதியில நிறுத்தினது. அவரு எழுதிக்கிட்டாரு. "இதை முதல் நாளே சொல்லியிருந்தா"ன்னு ஆரம்பிச்சவரு என் முகத்தைப் பாத்துட்டு முடிக்காம விட்டுட்டாரு.

மருந்தோட ஸ்டீராய்டும் கொடுத்தாங்க. வியட்நாம்ல 545 பேரை வச்சுப் பண்ணி 2004ல வெளியிட்ட ஆராய்ச்சியில, அதைச் சேத்துக் கொடுத்தவங்க கூட்டத்துல நூத்துக்கு 32 பேர் இறந்திருக்காங்க, கொடுக்காத கூட்டத்துல 41. கொடுத்தும் 32! அந்த நம்பரை ஆஸ்பத்திரி கேண்டீன்ல உக்காந்து போன்ல படிச்சேன். படிச்சிருக்கக்கூடாது. நம்ம சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்துல 180 பிள்ளைங்களுக்கு வைத்தியம் பாத்து 1986ல எழுதினதையும் படிச்சேன். ஏறக்குறைய கால்வாசிப் பேர் இறந்துட்டாங்க, முழுசா தேறினது மூணுல ஒரு பங்கு. எந்தக் கட்டத்துல வந்து சேர்ந்தாங்கங்கிறதுதான் நிறைய தீர்மானிச்சிருக்கு. மூளையில தண்ணி கோத்துக்கிட்டவங்களை எப்படித் தரம் பிரிக்கிறதுன்னு வேலூர் சிஎம்சி டாக்டருங்க 1991ல எழுதினதை உலகமே வேலூர் தரம்னு சொல்லுது. அதுல நாலாவது தரம்னா சுயநினைவே இல்லாம வர்றவங்க. அந்த வரியைப் படிச்சதும் போனைக் கவுத்து வச்சுட்டேன்.

ஸ்டீராய்டு மாமாவோட சக்கரையை மரமேத்திடுச்சு. இன்சுலின் ஊசி. ரிபாம்பிசின்ங்கிற டிபி மருந்துல மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு மிஸ்ஸியைக் கூப்பிட்டு "ரத்தம், ரத்தம்"னு கத்தினாரு. ஒன்பதாவது நாள் காலையில அத்தையைப் பாத்து, "கோப்பியில ஏன் சீனியே இல்ல?"ன்னு கேட்டாரு.

அத்தை அழுதுட்டாங்க. உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருச்சு அவருக்கு.

எட்டு வாரம் கழிச்சு வளர்ப்பு டெஸ்ட் முடிவு வந்துச்சு. அதுலயும் ஒண்ணும் வளரல.

ஆமா. கடைசி வரைக்கும் அந்தக் கிருமியை யாரும் கண்ணால பாக்கல. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள்லயும் நிச்சயம்னு எழுதல, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கணும்ங்கிற மாதிரி ஒரு வார்த்தைதான். பல நாட்டு டாக்டருங்க கூடிப் பேசி 2010ல வெளியிட்டதுல இந்த நோய்க்கே நிச்சயம், பெரும்பாலும், இருக்கலாம்னு மூணு படி வச்சிருக்காங்க. படிக்கட்டு வைக்கிற அளவுக்குச் சந்தேகம் பிடிச்ச நோய். அறிகுறி, ஸ்கேன், தண்ணி, எக்ஸ்ரே தழும்பு, எல்லாத்துக்கும் புள்ளி போட்டுக் கூட்டணும்.

பந்தியில உக்காந்து "இல்லைன்னுதானே வந்துச்சு"ன்னு சொல்றவருக்கு இந்தக் கூட்டல் எப்படித் தெரியும்? ஆதாரம் வரட்டும்னு அந்த டாக்டர் எட்டு வாரம் உக்காந்திருந்தா, பதினாறாம் நாள் காரியத்துக்கு இவரும்தான் வந்து இதே மாதிரி பாயசம் சாப்பிட்டிருப்பாரு. (கோபத்துல எழுதிட்டேன். அழிக்க மாட்டேன்.)

பன்னெண்டு மாசம் மருந்து. இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தவறல, அத்தை விடல. மகளுக்கு வரன் என்னாச்சுன்னு கேப்பீங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இப்ப எப்படி இருக்காரு?" கல்யாணம் முடிஞ்சு பேரனும் வந்தாச்சு.

அத்தை மட்டும் இன்னும் வெளிய "மூளைக்காய்ச்சல்"னுதான் சொல்றாங்க. நான் திருத்துறதை நிறுத்திட்டேன்.

மாமாவுக்கு மறதி கொஞ்சம் இருக்கு. களைச்சுப் போனா அந்த நரம்பு இன்னும் படுத்தும், தூரத்துல இருக்குறது ரெண்டாத் தெரியும். அன்னைக்குக் கல்யாணத்துலயும் கடைசி வரிசையில உக்காந்து மேடையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மொய்க் கவரைக் கையில வச்சுக்கிட்டு என் காதுகிட்ட வந்தாரு.

"பாப்பா, மேடையில ரெண்டு மாப்பிள்ளை நிக்கிறான். எவன் கையில கொடுக்குறது?"